பணம் உள்ளே வந்தால் ஏன் ‘பற்று’ எழுதுகிறோம்?

பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு எடுத்த பிள்ளைகளும் பி.காம். முதலாண்டில் சேர்ந்த பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் முதல் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. “பணம் கடைக்குள்ள வருது. அப்போ அது வரவுதானே? புத்தகத்துல ரொக்கக் கணக்கைப் பற்று வைக்கச் சொல்றாங்களே, ஏன்?”

நியாயமான கேள்வி. வீட்டில் மாதக் கடைசியில் அம்மா போடுவது வரவு செலவுக் கணக்கு. அரசாங்கம் ஆண்டுதோறும் தாக்கல் செய்வது வரவு செலவுத் திட்டம். எங்கே பார்த்தாலும் வரவு என்றால் வருவது, செலவு என்றால் போவது. கணக்குப்பதிவியல் பாடத்தில் மட்டும் பணம் வந்தால் பற்று, பணம் போனால் வரவு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இது முதல் வாரத்திலேயே முட்டுக்கட்டை.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில், “அது விதி, மனப்பாடம் பண்ணிக்கோ” என்பதுதான். மூன்று விதிகளை ஒப்பித்துத் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். பொருள் பிடிபடவில்லை. அது பிடிபட்ட இடம் வகுப்பறை இல்லை, ஒரு மளிகைக் கடை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணாச்சி கடை நோட்டு

எங்கள் தெருமுனைக் கடையில் நீளவாக்கில் மடித்த நோட்டு ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கும். வீட்டுக்கு ஒரு பக்கம். தலைப்பில் பெயர்கூட இருக்காது. ‘மாடி வீட்டு டீச்சர்’, ‘தபால்காரர் வீடு’ என்றுதான் எழுதியிருக்கும். சாமான் வாங்கிக்கொண்டு, “பத்துல எழுதிக்கோங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வருவோம். நாம் பேச்சில் ‘பத்து’ என்பது எழுத்தில் ‘பற்று’.

டீச்சர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம்: 3-ம் தேதி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், 420 ரூபாய். 9-ம் தேதி, அரிசி, 1,300 ரூபாய். இப்படி வரிசையாக இறங்கும். மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் டீச்சர் 1,500 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தால், அண்ணாச்சி வலப்பக்கத்தில் ‘வரவு 1,500’ என்று எழுதுவார். இடப்பக்கத்துக் கூட்டல் 1,720, வலப்பக்கம் 1,500, ஆக டீச்சர் தர வேண்டிய பாக்கி 220.

இந்த இரண்டு சொற்களையும் இப்போது நிதானமாகப் பாருங்கள். டீச்சர் கடையிலிருந்து எடுத்துக்கொண்டது பற்று. பற்றுவது என்றால் பிடித்துக்கொள்வது, கையில் வாங்கிக்கொள்வது. டீச்சரிடமிருந்து கடைக்கு வந்தது வரவு.

வரவு என்றதும் நமக்கு ‘இந்தக் கணக்குக்கு வந்தது’ என்று படுகிறது. நோட்டில் அதன் பொருள் ‘இந்தக் கணக்குக்காரரிடமிருந்து வந்தது’. ஒரு வேற்றுமை உருபில்தான் அத்தனை குழப்பமும் இருக்கிறது. ‘-க்கு’ இல்லை, ‘-இடமிருந்து’. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மிச்சப் பாடம் அதன்மீதே ஏறி நிற்கும்.

இதுவரை பார்த்தது: ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆளுடையது. அந்த ஆள் வாங்கிக்கொண்டால் பற்று, அது இடப்பக்கம். அந்த ஆள் கொடுத்தால் வரவு, அது வலப்பக்கம். தமிழ்ப் பாடநூலில் கணக்கின் இரு மூலைகளிலும் ‘ப’, ‘வ’ என்று போட்டிருப்பது இந்த இரண்டைத்தான்.

கல்லாப்பெட்டிக்கும் ஒரு பக்கம்

டீச்சர் 1,500 ரூபாய் கொடுத்தார் என்று அவர் பக்கத்தில் வரவு எழுதியாயிற்று. கொடுத்தவர் ஒருவர் இருந்தால் வாங்கிக்கொண்டவர் ஒருவர் இருக்க வேண்டுமே. யார் அவர்?

“அண்ணாச்சி” என்று சட்டென்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பணம் அண்ணாச்சியின் சட்டைப் பைக்குப் போகவில்லை, கல்லாப்பெட்டிக்குள் போனது. அந்தக் கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாகப் பாவித்து அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கல்லா 1,500 ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டது. டீச்சர் அரிசியை வாங்கிக்கொண்டதும் கல்லா ரூபாயை வாங்கிக்கொண்டதும் ஒரே மாதிரிச் செயல்தான். ஆகவே கல்லாவின் பக்கத்தில் பற்று 1,500.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பணம் உள்ளே வரும்போது ரொக்கக் கணக்கைப் பற்று வைப்பதற்குக் காரணம், கல்லா அதை வாங்கிக்கொண்டது என்பதுதான். நாளை கல்லாவிலிருந்து பணம் எடுத்து மின் கட்டணம் கட்டினால் கல்லா கொடுக்கிறது, கல்லாவின் பக்கத்தில் வரவு.

ஒரு நடவடிக்கைக்கு வாங்கிக்கொண்ட கணக்கு ஒன்று, கொடுத்த கணக்கு ஒன்று என இரண்டையும் எழுதுவதற்குப் பெயர் இரட்டைப் பதிவு முறை. சில நேரம் கொடுத்தவர் இருவராகவோ வாங்கியவர் மூவராகவோ இருக்கலாம். ஆனால் வாங்கிய தொகையும் கொடுத்த தொகையும் எப்போதும் சமம். அண்ணாச்சி வைத்திருந்தது இதன் ஒரு பாதி. டீச்சருக்குப் பக்கம் இருந்தது, கல்லாவுக்கு இல்லை.

கடை வேறு, கடைக்காரர் வேறு

அடுத்த படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு கடையைத் தொடங்கப் போகிறோம், அதனால் அண்ணாச்சியை விட்டுவிட்டு உங்கள் சித்தியிடம் வருவோம்.

சித்தி வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்குகிறார். சீட்டுப் பணம் 50,000 ரூபாயைக் கல்லாவில் போட்டுப் பிள்ளையார் சுழி போடுகிறார். கல்லா வாங்கிக்கொண்டது, ஆகவே ரொக்கம் பற்று 50,000. கொடுத்தவர் யார்? சித்தி. சித்தியின் பக்கத்தில் வரவு 50,000. உரிமையாளர் போட்ட பணம், அதாவது மூலதனம் என்பதால் அந்தப் பக்கத்துக்கு ‘முதல்’ கணக்கு என்று தலைப்பு.

“சித்தி கடைக்குச் சித்தியே பணம் கொடுத்தால், சித்திக்கு எதற்குத் தனிப் பக்கம்?” என்று கேட்கத் தோன்றும். கணக்கு எழுதும்போது கடையைத் தனி ஆளாகவும் உரிமையாளரை வெளியாளாகவும் பார்க்க வேண்டும் என்பது ஓர் அடிப்படை ஏற்பாடு. இதற்கு வணிகத் தனித்தன்மைக் கருத்து என்று பெயர். டீச்சர் கடைக்குத் தர வேண்டியவர் என்றால், சித்திக்குக் கடை தர வேண்டியிருக்கிறது. முதல் என்பது கடை சித்திக்குப் பட்டிருக்கும் கடன் மாதிரி.

இந்த ஏற்பாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குச் சிலிண்டர் வாங்கக் கல்லாவிலிருந்து பணம் எடுத்துவிட்டு, ‘எல்லாம் நம்ம காசுதானே’ என்று எழுதாமல் விடுவதால்தான், மாவு நன்றாக விற்றும் லாபம் எங்கே போனது என்று தெரியாமல் சிறு வியாபாரம் செய்யும் பலர் தவிக்கிறார்கள். நான் கணக்கு பார்த்துக் கொடுத்த சின்னக் கடைகளில் முதலில் தேடுவது அந்தத் தொகையைத்தான். பெரும்பாலும் அது யாருக்கும் தெரியாது. அப்படிச் சொந்தச் செலவுக்கு எடுப்பதற்கு எடுப்புகள் என்று ஒரு தனிப் பக்கம் உண்டு.

முதல் மாதம்

சித்தி கடையில் அந்த மாதம் நடந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதுவோம். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: வாங்கிக்கொண்டது எது, கொடுத்தது எது?

24,000 ரூபாய்க்கு ரொக்கம் கொடுத்து ஒரு பெரிய கிரைண்டர் வாங்குகிறார். கிரைண்டருக்கு ஒரு பக்கம் திறங்கள். அந்த மதிப்பைத் தனக்குள் வாங்கிக்கொண்டது கிரைண்டர்: பற்று 24,000. கொடுத்தது கல்லா: வரவு 24,000. சித்தியிடம் சொத்து குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். நோட்டாக இருந்தது கிரைண்டராக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அரிசி மண்டியில் 12,000 ரூபாய்க்கு இட்லி அரிசியும் உளுந்தும் கடனுக்கு எடுக்கிறார். பணம் நகரவே இல்லை, இருந்தாலும் எழுத வேண்டும். விற்பதற்காக வாங்கும் சரக்குக்கு வைக்கும் பக்கம் கொள்முதல்: பற்று 12,000. கொடுத்தது மண்டி: மண்டிக் கணக்கில் வரவு 12,000. மண்டி இப்போது சித்தி கடைக்குக் கடனீந்தோர், அதாவது நாம் பணம் தர வேண்டியவர்.

மாவு ரொக்கத்துக்கு விற்றதில் மாதம் முழுக்க 9,000 ரூபாய். கல்லாவுக்குப் பற்று 9,000, விற்பனைக்கு வரவு 9,000.

பக்கத்திலிருக்கும் ஒரு மெஸ் 6,000 ரூபாய்க்கு மாவு எடுத்துக்கொண்டு, “அடுத்த மாசம் தரேன்க்கா” என்கிறது. மெஸ் வாங்கிக்கொண்டது: பற்று 6,000. விற்பனை: வரவு 6,000. மெஸ் நமக்குக் கடனாளி. பணம் கைக்கு வராவிட்டாலும் மாவு போய்விட்டதால் விற்பனை நடந்துவிட்டது.

அறைக்கு வாடகை 3,000: வாடகைக்குப் பற்று, கல்லாவுக்கு வரவு. மண்டிப் பாக்கியில் 5,000 அடைக்கிறார்: மண்டிக்குப் பற்று, கல்லாவுக்கு வரவு. வீட்டுச் செலவுக்கு 2,000 எடுக்கிறார்: எடுப்புகளுக்குப் பற்று, கல்லாவுக்கு வரவு.

மண்டியின் பக்கத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். வலப்பக்கம் 12,000, இடப்பக்கம் 5,000. மண்டி கொடுத்தது 12,000, வாங்கிக்கொண்டது 5,000, இன்னும் அதற்குச் சேர வேண்டியது 7,000. டீச்சர் பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கிறதா? டீச்சருக்குப் பற்று மிஞ்சி நின்றது, அவர் நமக்குத் தர வேண்டும். மண்டிக்கு வரவு மிஞ்சி நிற்கிறது, நாம் தர வேண்டும்.

நாள்வாரியாக முதலில் எழுதிக்கொள்ளும் ஏடு குறிப்பேடு. அங்கிருந்து கணக்குவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றின் பக்கத்துக்கும் கொண்டுபோகும் ஏடு பேரேடு. அண்ணாச்சியின் மடித்த நோட்டு ஒரு சின்னப் பேரேடுதான்.

விற்பனை எதைக் கொடுத்தது?

கூர்மையான பிள்ளை இங்கே ஒரு கேள்வி கேட்கும். “மண்டி, மெஸ், கல்லா, கிரைண்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. விற்பனையும் வாடகையும் ஆள் கிடையாது, பொருளும் கிடையாது. வாடகை எதை வாங்கிக்கிச்சு? விற்பனை எதைக் கொடுத்துச்சு?”

பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விடை சித்தியின் பக்கத்தில் இருக்கிறது.

முதல் கணக்கில் 50,000 வரவு என்று எழுதியிருக்கிறோம், அது கடை சித்திக்குத் தர வேண்டியது. மாவு விற்று லாபம் வந்தால் அந்த லாபம் யாருக்குச் சேரும்? சித்திக்கு. அப்படியென்றால் கடை சித்திக்குத் தர வேண்டியது கூடுகிறது, சித்தியின் பக்கத்தில் வரவு ஏற வேண்டும். வாடகை கட்டினால் சித்திக்குச் சேர வேண்டியது குறைகிறது, சித்தியின் பக்கத்தில் பற்று ஏற வேண்டும்.

ஆக விற்பனை, வாடகை, கூலி, வட்டி எல்லாவற்றையும் நேராகச் சித்தியின் பக்கத்திலேயே எழுதிவிடலாம். விடையில் தவறு வராது. ஆனால் மாதக் கடைசியில் வாடகைக்கு எவ்வளவு போனது, விற்பனை எவ்வளவு என்று கேட்டால் அந்தக் குவியலிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் சித்தியின் பக்கத்திலிருந்து கிளை பிரித்து, வாடகைக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று என்று தனித்தனியாகத் திறந்து வைக்கிறோம். ஆண்டு முடிவில் இந்தக் கிளைகளை எல்லாம் மூடி, மிச்சத்தைச் சித்தியின் பக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். மிச்சம் வரவுப் பக்கம் நின்றால் லாபம், பற்றுப் பக்கம் நின்றால் நட்டம்.

வருமானம் ஏன் வரவு, செலவு ஏன் பற்று என்பதற்குக் காரணம் இவ்வளவே. பெயருக்கு மட்டும் கணக்காக நிற்பதால் இவற்றைப் பெயரளவுக் கணக்குகள் என்கிறார்கள்.

மனப்பாடம் செய்த மூன்று விதிகளை இப்போது எடுத்துப் படியுங்கள். ஆள்சார் கணக்கு: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. சொத்துக் கணக்கு: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. பெயரளவுக் கணக்கு: செலவையும் நட்டத்தையும் பற்று வை, வருமானத்தையும் ஆதாயத்தையும் வரவு வை. மூன்றும் ஒரே விதியின் மூன்று முகங்கள். முதல் விதி மளிகை நோட்டு. இரண்டாவது, கல்லாவையும் கிரைண்டரையும் ஆளாக நினைத்தது. மூன்றாவது, சித்தியின் பக்கத்திலிருந்து பிரிந்த கிளை.

72,000

மாதம் முடிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மிஞ்சி நிற்கும் தொகையை எடுத்து ஒரு தாளில் எழுதுவோம்.

பற்று மிஞ்சி நிற்பவை: ரொக்கம் 25,000, கிரைண்டர் 24,000, கொள்முதல் 12,000, மெஸ் 6,000, வாடகை 3,000, எடுப்புகள் 2,000.

வரவு மிஞ்சி நிற்பவை: முதல் 50,000, விற்பனை 15,000, மண்டி 7,000.

இரண்டையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். இந்தப் பக்கமும் 72,000, அந்தப் பக்கமும் 72,000. ரொக்கம் எப்படி 25,000 என்று சந்தேகம் வந்தால் கல்லாவின் பக்கத்தை மட்டும் போட்டுப் பாருங்கள்: வாங்கிக்கொண்டது 50,000, 9,000. கொடுத்தது 24,000, 3,000, 5,000, 2,000.

இந்தத் தாளுக்கு இருப்பாய்வு என்று பெயர். முதன்முதலாகத் தன் கையால் எழுதிய இருப்பாய்வு இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்போது ஒரு பிள்ளையின் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் சம தொகையை எழுதினோம், அதனால் மொத்தமும் சமமாக நிற்கிறது.

அதே காரணத்துக்காக ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இருப்பாய்வு ஒத்துப்போய்விட்டால் கணக்கு சரி என்று முடிவு கட்டக்கூடாது. வாடகை 3,000-ஐத் தவறிப்போய்க் கிரைண்டர் பக்கத்தில் பற்று எழுதியிருந்தாலும் கூட்டல் 72,000-தான் வரும். மெஸ்ஸுக்குக் கடனுக்குக் கொடுத்த மாவை எழுதவே மறந்திருந்தால் இரண்டு பக்கமும் 66,000 என்று அழகாக ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லை என்றால் பிழை நிச்சயம். ஒத்துப்போனால், அந்தக் குறிப்பிட்ட வகைப் பிழை இல்லை என்று மட்டுமே பொருள்.

வங்கி மட்டும் ஏன் தலைகீழாகச் சொல்கிறது?

இத்தனையும் புரிந்துகொண்ட பிள்ளையை மறுபடி குழப்பிவிடுவது கைப்பேசிக்கு வரும் ஒரு குறுஞ்செய்தி. ‘உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது.’ பணம் எனக்கு வந்திருக்கிறது, என் கணக்கில் பற்று என்றுதானே இருக்க வேண்டும்?

அது யாருடைய நோட்டு என்று பாருங்கள். ‘உங்கள் கணக்கு’ என்று செய்தியில் இருந்தாலும் அது வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயரில் இருக்கும் பக்கம். இங்கே அண்ணாச்சி இடத்தில் வங்கி, டீச்சர் இடத்தில் நீங்கள். நீங்கள் வங்கியில் பணம் கட்டினால், உங்களிடமிருந்து வங்கிக்கு வந்தது, உங்கள் பக்கத்தில் வரவு. ஏ.டி.எம்.மில் எடுத்தால் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், உங்கள் பக்கத்தில் பற்று. வங்கி விதியை மாற்றவே இல்லை.

சித்தி கடைப் பணத்தில் 10,000 ரூபாயை வங்கியில் போடுகிறார் என்று வையுங்கள். சித்தியின் ஏட்டில் வங்கி ஓர் ஆள், வாங்கிக்கொண்டவர்: வங்கிக் கணக்கு பற்று 10,000. வங்கியின் ஏட்டில் சித்தி ஓர் ஆள், கொடுத்தவர்: சித்தி வரவு 10,000. ஒரே பணம், இரண்டு நோட்டு, இரண்டு பக்கம். சித்தியின் ரொக்க ஏட்டில் பற்று இருப்பாக நிற்பதுதான் வங்கிச் செல்லேட்டில் (பாஸ்புக்) வரவு இருப்பாக நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் தொகை ஒத்துப்போகாவிட்டால் காரணம் தேடி எழுதுவது வங்கிச் சரிகட்டும் பட்டியல். அந்தப் பாடத்தில் திணறும் பிள்ளைகளில் பலர் கூட்டல் கழித்தலில் திணறுவதில்லை, யார் நோட்டைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதில்தான் திணறுகிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் சில சொற்கள் தாமாகவே விளங்கும். இருப்புக்கு மேல் வங்கியிலிருந்து எடுத்துக்கொள்வது மேல்வரைப்பற்று. பற்று எங்கிருந்து வந்தது? நீங்கள் வாங்கிக்கொண்டதிலிருந்து. கடையில் தேய்த்ததும் வங்கி ஏட்டில் உங்கள் பக்கத்தில் பற்று விழச் செய்வது பற்று அட்டை. ஜிஎஸ்டி பதிவு செய்த வியாபாரி கொள்முதலின்போது கட்டிய வரியை, தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். வியாபாரிக்கு அது சொத்து, அவருடைய சொந்த ஏட்டில் பற்று இருப்பாக நிற்கும். அரசின் தளத்தில் அவர் பெயரில் இருக்கும் பக்கத்திலோ அது வரவு. அங்கேயும் நோட்டு மாறியிருக்கிறது, விதி மாறவில்லை.

கடன் அட்டை என்கிற பெயரும் கொஞ்சம் குழப்பம் தரும். கிரெடிட் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ஓரிடத்தில் கடன் என்றும் இன்னோரிடத்தில் வரவு என்றும் சொல்கிறோம். அந்தச் சொல்லின் மூலம் நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. நம்பிக் கொடுத்தவரைக் குறிக்க வந்தது. பற்றைக் குறிக்கும் டெபிட் என்ற சொல்லின் வேர், தர வேண்டியிருத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. சித்தியை நம்பிக் கொடுத்த மண்டியும், அண்ணாச்சிக்குத் தர வேண்டிய டீச்சரும்தான் இங்கேயும் நிற்கிறார்கள்.

வெனிஸிலிருந்து டேலி வரை

இந்த முறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய நூல்களில் புகழ்பெற்றது லூக்கா பாச்சோலி எழுதியது, வெனிஸ் நகரில் 1494-ல் வெளிவந்தது. பாச்சோலி பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்தவர் அவர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது தவறு. இத்தாலிய வணிகர்கள் அதற்கு முன்பே இப்படி எழுதிவந்தார்கள். ஜெனோவா நகராட்சியின் 1340-ம் ஆண்டுக் கணக்கேடுகள் இந்த முறையில் இருக்கின்றன. வெனிஸ் வணிகர்களின் வழக்கத்தை எடுத்து ஒழுங்காக விளக்கியது பாச்சோலியின் பணி.

அவருடைய குறிப்பேட்டில் பற்று வைக்கும் கணக்குக்கு முன்னால் ‘பெர்’ என்றும், வரவு வைக்கும் கணக்குக்கு முன்னால் ‘ஆ’ என்றும் எழுதச் சொல்கிறார். ஆங்கிலத்தில் சொன்னால் ‘பை’, ‘டு’. டேலி என்கிற கணக்கு மென்பொருளில் பதிவு போட்டுப் பழகியவர்களுக்கு இந்த இரண்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். ‘பை’ பற்று, ‘டு’ வரவு. ஐந்நூறு ஆண்டு பழைய வெனிஸ் வழக்கத்தின் அதே வரிசை இன்று நம்மூர்க் கணினித் திரையிலும் இருப்பதைக் காட்டும்போது பிள்ளைகள் வியந்துபோகிறார்கள், நானும் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

இந்தியாவில் கம்பெனிகளுக்கு இது விருப்பத்தேர்வு கிடையாது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 128-வது பிரிவு, கணக்கேடுகளை இரட்டைப் பதிவு முறையில்தான் வைக்க வேண்டும் என்கிறது. சித்தியின் மாவுக் கடை கம்பெனி இல்லை, அவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அவர் எழுத வேண்டும் என்பது என் ஆசை. மெஸ் எவ்வளவு தர வேண்டும், மண்டிக்கு எவ்வளவு தர வேண்டும், வீட்டுக்கு எவ்வளவு போனது என்ற மூன்றும் ஒரே ஏட்டில் தெரியும்.

ஒரு கணக்கு நீங்களே போடுங்கள்

மேலே வேண்டுமென்றே ஒன்றை விட்டுவைத்தேன். சித்தி அடுத்த மாதம் கடையைத் தெருமுனைக்கு மாற்றுகிறார். இடத்துக்காரர் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார், காலி செய்யும்போது திருப்பித் தருவதாகப் பேச்சு. சித்தி கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். எப்படி எழுதுவீர்கள்?

கல்லா கொடுத்தது, ரொக்கம் வரவு 10,000. இதில் யாரும் தவறுவதில்லை. எதைப் பற்று வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் வாடகைக் கணக்கு என்கிறார்கள். வாடகைப் பக்கம் சித்தியின் பக்கத்திலிருந்து பிரிந்த கிளை என்று பார்த்தோம். அங்கே எழுதினால் சித்திக்குச் சேர வேண்டியதில் 10,000 குறைந்து, அந்த மாத லாபத்தில் அவ்வளவும் காணாமல் போகும். உண்மையில் அந்தப் பணம் போய்விடவில்லை, இடத்துக்காரர் கையில் இருக்கிறது. துவரம்பருப்பு வாங்கிப் போன டீச்சர் மாதிரி அவரும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், தர வேண்டியவர்.

ஆகவே புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, தலைப்பில் ‘இடத்துக்காரர் அட்வான்ஸ்’ என்று எழுதி, இடப்பக்கம் 10,000 என்று போடுங்கள். கடையைக் காலி செய்து பணம் கைக்கு வரும் அன்று அதே பக்கத்தின் வலப்பக்கம் ‘வரவு 10,000’ என்று எழுதிக் கோடு போட்டு மூடிவிடலாம்.